கரப்பான் உள்ள குழந்தைக்கு எந்தத் துணி: பருத்தியா, பாலியெஸ்டரா, கம்பளியா, பட்டா?

எக்ஸிமா எனப்படும் கரப்பான் உள்ள குழந்தையின் தோலில், ஈரத்தைக் காத்து நிற்கும் மேலடுக்கு வலுவிழந்திருப்பதால், மற்றக் குழந்தைகள் உணராமலேயே போகும் ஒரு நூல் பிசிறுகூட இரவெல்லாம் சொறிய வைத்துவிடும். ஆகவே இழை தோலில் குத்துகிறதா, வியர்வையை அது என்ன செய்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தே துணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பருத்தி குத்துவதில்லை, காற்றிலிருந்து தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. பாலியெஸ்டர் கலந்த டெரிகாட்டன் சீருடை அணிந்த பிள்ளை மதிய வெயிலில் முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டே இருப்பதற்கு, தோலுக்கும் துணிக்கும் இடையே தேங்கும் வியர்வையும் ஒரு காரணம். சீருடையை மாற்ற முடியாவிட்டால் உள்ளே கையுள்ள பருத்தி பனியன் போட்டு அனுப்பலாம். ஆனால் பருத்திக்கும் குறை உண்டு. உறிஞ்சிய வியர்வையை அது எளிதில் விடாது. நனைந்த பனியன் உடம்போடு ஒட்டி உரசும். பையில் மாற்றுப் பனியன் ஒன்று இருக்கட்டும்.

கம்பளியைத் தொடவே கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. குத்துவது இழையின் தடிமன்தான். சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட இழையின் முனை வளையாமல் தோலில் ஊன்றி நிற்கிறது. மெரினோ என்ற செம்மறியாட்டு இனத்தின், 17.5 மைக்ரானுக்கு உட்பட்ட கம்பளி வளைந்துகொடுக்கும். மெல்போர்னில் 39 சிறு குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், பருத்தியைவிட மெரினோ அணிந்த வாரங்களில் கரப்பான் குறைந்திருந்தது. ஆய்வு சிறியது, நம் ஊர்ப் புழுக்கத்தில் நடந்ததும் அல்ல. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

மருத்துவப் பட்டு என்று விற்கப்படும், பட்டிழையின் மேலுள்ள செரிசின் என்ற பசையை நீக்கிய பின்னலாடையைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை: அதற்குப் பணம் செலவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1 முதல் 15 வயது வரையிலான 300 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு இந்த ஆடையையும் கொடுத்து 6 மாதம் கவனித்தபோது, நோயின் கடுமையில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அந்தத் தொகை மாதக்கணக்கில் ஈரப்பதக் களிம்பு வாங்க உதவும். விசேஷத்துக்குப் பட்டுப்பாவாடை கட்டியே ஆகவேண்டுமென்றால், இடுப்பிலும் கையிலும் ஜரிகை படும் இடத்தில் பருத்தி உள்துணி வைத்துத் தைத்து, சடங்கு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

எந்தத் துணியானாலும், வாங்கியதும் உட்புறத்தை வெளியே திருப்பித் தையலோரமாக உங்கள் உதட்டை ஓட்டிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத முரடு உதட்டுக்குத் தெரியும். கழுத்து லேபிளைக் கத்தரித்தால் மீதமுள்ள விளிம்பு ரம்பப்பல்லாய் நின்று பிடரியைக் கீறும். தையலைப் பிரித்து முழுவதுமாக எடுத்துவிட்டு, புதுத்துணியின் கஞ்சியும் சாயமிச்சமும் போக இரண்டு முறை அலசிய பிறகே குழந்தைக்குப் போடுங்கள்.