மாத மருந்துக்கும் பணம் வரும் என்று அப்பாவிடம் விற்ற காப்புறுதி

வீட்டில் வயதான பெற்றோர் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் ஒரு கடைத்தொகுதிக்கு வெளியே மேசை போட்டு, போகிற வருகிற முதியவர்களை உட்காரவைத்துக் காப்புறுதி விற்றார்கள். காப்புறுதி விற்கிற எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. என் அப்பாவிடம் விற்றவர் சொன்னது பச்சைப் பொய், அதைத்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 72. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றுக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். அன்றைக்குப் பலதுறை மருந்தகத்தில் (அரசாங்கப் பாலிகிளினிக்கில்) மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அந்த முகவர் கூப்பிட்டிருக்கிறார். தமிழ்ப் பையன், மரியாதையாகப் பேசினான் என்று அப்பாவும் உட்கார்ந்துவிட்டார். “அங்கிள், இனிமே மருந்துக்கு நீங்க கைக்காசு போடவே வேணாம். நான் சொல்ற கிளினிக்குக்குப் போங்க, பில்லை எனக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க, பணம் பேங்க்ல வந்துரும்” என்று சொல்லியிருக்கிறார். அப்பா கையிலிருந்த மருந்துப் பையைப் பிரித்து, அட்டைகளையும் அதில் ஒட்டியிருந்த சீட்டையும் காட்டியிருக்கிறார். மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின் என்று பெயர் தெளிவாக இருக்கிறது. அதையெல்லாம் பார்த்துவிட்டு, படிவத்தில் ‘ஏற்கெனவே நோய் உண்டா?’ என்ற கேள்விக்கு முகவர் ‘இல்லை’ என்று தட்டியிருக்கிறார். அப்பா விரலால் கையெழுத்துப் போட்டார். அந்தச் சின்னத் திரையில் ஆங்கில எழுத்தை அவரால் படிக்க முடியாது.

அதன்பிறகு அப்பா முகவர் சொன்ன கிளினிக்குக்கே போய்வந்தார். அது, தனியார் கிளினிக்கிலும் அரசாங்க மானியம் தரும் சாஸ் திட்டத்தில் இல்லாத கிளினிக். அப்பா வயதுக்காரர்களுக்கு அரசாங்கம் சலுகைக்காகத் தந்த மெர்டேக்கா தலைமுறை அட்டைக்கு அங்கே மதிப்பில்லை, மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவும் எடுக்க முடியாது. அதே மாத்திரை, அதே மில்லிகிராம், வேறு பெட்டி. மாதம் நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் போனது. பில்லை அனுப்பினால் முதலில் “பிராசஸ் ஆகுது அங்கிள்” என்று பதில் வந்தது. அப்புறம் பதிலே இல்லை.

நான் நிறுவனத்தை அழைத்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மருத்துவமனையில் தங்கினால் நாளுக்கு இவ்வளவு என்று தரும் திட்டம் அது. மாத மாத்திரைக்கு அதில் ஒரு காசும் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் கிடையாது. இதைவிடப் பயங்கரம் அந்த ‘இல்லை’. நோயை மறைத்ததாகச் சொல்லி, நாளைக்கு அப்பா மருத்துவமனையில் படுத்தாலும் பணம் தர மறுக்க அது ஒன்றே போதும். பிரீமியம் மட்டும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் கிரோவில் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

பெற்றோருக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்துவிடுங்கள். நம் ஊரில் முதியவர்களின் மாத மருந்துச் செலவைக் குறைப்பது அரசாங்க மானியமும் மெடிசேவும்தான். எல்லோருக்கும் இருக்கும் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப் முக்கியமாகப் பெரிய மருத்துவமனைச் செலவுக்கும், டயாலிசிஸ், கீமோதெரபி போன்ற சில வெளிநோயாளி சிகிச்சைக்கும். அதற்குமேல் தனியாரிடம் எடுக்கும் ஒருங்கிணைந்த திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சையைச் சுற்றித்தான். தினசரி பிரஷர் மாத்திரைக்கு அங்கே இடமில்லை.

1950 முதல் 1959 வரை பிறந்து, 1996 இறுதிக்குள் குடியுரிமை பெற்றவர்கள் மெர்டேக்கா தலைமுறை. பலதுறை மருந்தகத்தில் மானியம் போக மீதிக் கட்டணத்தில் அவர்களுக்கு இன்னும் 25 விழுக்காடு கழிவு உண்டு. 1949 இறுதிக்குள் பிறந்து 1986 இறுதிக்குள் குடிமக்களான முன்னோடித் தலைமுறைக்கு அது 50 விழுக்காடு. நாட்பட்ட நோய்க்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 500 வெள்ளி, இரண்டு நோயோ சிக்கலோ இருந்தால் 700 வெள்ளி என்று 2021இல் வரம்பு வைத்தார்கள். பக்கத்துக் கிளினிக்தான் வசதி என்றால் குடும்ப மருத்துவரிடம் பதிந்து தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் அரசாங்கத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் சேர்ந்த கிளினிக்காகப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து சாஸ், முன்னோடி, மெர்டேக்கா அட்டை வைத்திருப்பவர்கள், பதிந்த கிளினிக்கிலேயே நாட்பட்ட நோய்க்கான பல மருந்துகளைப் பலதுறை மருந்தக விலையை ஒட்டி வாங்கலாம். இதை அந்த முகவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்பா அந்த மேசையிலிருந்து எழுந்து வந்திருப்பார்.

யாராவது மருந்துக்கும் பணம் வரும் என்றால், ஒப்பந்தத்தில் எந்த வரியில் அது இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். முகவரின் பெயரும் பதிவெண்ணும் காப்புறுதித் துறையைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, நோய் பற்றிய கேள்விகளுக்கு என்ன பதில் போட்டிருக்கிறது என்று நீங்களே வாசியுங்கள். ஆயுள் காப்புறுதியும் பல நீண்டகால மருத்துவக் காப்புறுதிகளும், ஒப்பந்தம் கைக்கு வந்தபின் வேண்டாம் என்று சொல்ல குறைந்தது 14 நாள் தருகின்றன. எங்களுக்கு அந்த நாள்கள் போய்விட்டன.

இப்போது அப்பா பழைய பலதுறை மருந்தகத்துக்கே போகிறார். கிரோவை நிறுத்த வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். மருந்துச் சீட்டு, பில், அந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் வைத்து நிறுவனத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறோம். அவர்கள் இறுதிப் பதில் சரியில்லை என்றால், நிதித்துறைச் சச்சரவுகளைத் தீர்க்கும் ஃபிட்ரெக்கிடம் போகலாம். பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். உங்கள் அப்பா, அம்மாவின் வங்கி அறிக்கையில் தெரியாத பெயரில் கிரோ பிடித்தம் ஏதாவது இருந்தால், இன்றைக்கே அது எந்த ஒப்பந்தம் என்று கேளுங்கள்.