ஸ்கர்மியன் பரிவு: பளிங்கா, மென்படலமா?

வவுனியாவிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ இருந்து ஸ்பின்ட்ரோனிக்ஸில் (இலத்திரனின் ஸ்பின்னைப் பயன்படுத்தும் மின்னணுவியலில்) ஆய்வுத் தலைப்புத் தேடுகிறவருக்கு, ஸ்கர்மியன் பரிவை எதில் அளப்பது என்ற இந்த ஒப்பீடு.

இரணைமடு வான்கதவடியில் நீர் சுழிப்பதுபோல, ஒரு காந்தப் பொருளின் ஸ்பின்கள் (அணுக்களின் குட்டிக் காந்தங்கள்) சுருண்டு நிற்பதுதான் ஸ்கர்மியன். (நீர் ஓடும், ஸ்பின் இடம்பெயராது, திசைதான் திரும்பியிருக்கும்.) நுண்ணலை பட்டால் சுழியின் மையம் சுற்றும், அல்லது சுழியே விரிந்து சுருங்கும். எந்த மீடிறனில் என்று அளப்பதே பரிவு அளவீடு.

பளிங்கில், அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுங்கிய திண்மத்தில், வேலை சுத்தம். செப்பு ஒட்சிசெலனைட்டில் 2012இலேயே இரண்டு அசைவுகளையும் பிரித்துப் பார்த்துவிட்டார்கள், 1 முதல் 2 கிகாஹேட்ஸ் அளவில். அது மின்னைக் கடத்தாது, தணிப்பும் (அதிர்வு அடங்கும் வேகமும்) மிகக் குறைவு. அதனால் பரிவுக் கோடுகள், அதாவது அளவீட்டில் தெரியும் உச்சங்கள், கூர்மையாக வரும். ஆனால் ஏறத்தாழ 58 கெல்வினுக்குக் கீழே, ஓரிரு பாகை இடைவெளிக்குள்தான் வழமையான ஸ்கர்மியன் கட்டம் (ஸ்கர்மியன்கள் நிலைக்கும் நிலை). அந்தக் குளிரூட்டிக்கு எங்கே போவது?

பிளாற்றினம், கோபால்ற்று, இரிடியம் என்று நனோமீற்றர் தடிப்பில் மாறிமாறி அடுக்கிய மென்படலங்களில் அறை வெப்பநிலையே போதும். நூல்கள் சொல்லும் அறை வெப்பநிலை 27 பாகை. ஆவணி மாத வன்னி மத்தியானம் அதைக் கேட்டால் சிரிக்கும். சரி, சிக்கல் வெயிலில் இல்லை, பிளாற்றினத்தில் இருக்கிறது. அது கோபால்ற்றைத் தொடும் இடைமுகத்தில்தான் ஸ்பின்களை முறுக்கும் இடைத்தாக்கம் பிறக்கிறது. அதே பிளாற்றினம் அதிரும் ஸ்பின்களின் கோண உந்தத்தையும் உறிஞ்சிவிடும். தணிப்புக் கூடும், பரிவுக் கோடு அகன்று மங்கும். சுழியைத் தருவதே சைகையைத் தின்கிறது! போதாததற்குச் சுழிகள் ஒரே பருமனில் இருப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் மீடிறனில் அதிர, சேர்ந்து கிடைப்பது ஒரு தட்டையான மேடு.

இருந்தும் என் தேர்வு படலம்தான். சாதனமாக மாறக்கூடியது அதுவே. படலம் படியவைக்கும் இயந்திரம் இல்லையென்றால் மியூமேக்ஸ் 3 இருக்கிறது: ஸ்பின்களின் அசைவைக் கணித்துக் காட்டும் இலவச மென்பொருள், என்விடியா கிராபிக்ஸ் காட் உள்ள கணினி போதும். ஒரு ஸ்கர்மியனை வைத்து, காந்தப்புலத்தில் சின்னத் துடிப்பொன்று கொடுத்து, காந்தமாக்கல் நேரத்தோடு மாறுவதை ஃபூரியர் மாற்றம் செய்யுங்கள் (அதில் எந்தெந்த மீடிறன்கள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் கணக்கு அது). படலத்தின் தளத்தில் துடிப்பைக் கொடுத்தால் சுழற்சி, செங்குத்தாகக் கொடுத்தால் விரிந்து சுருங்கல். அப்புறம் தணிப்பு எண்ணை 0.01இலிருந்து 0.1க்கு உயர்த்தி மறுபடி ஓடவிடுங்கள்; உச்சங்கள் கரைவது திரையிலேயே தெரியும். கரண்ட் நின்று வருகிற இடமென்றால், இடையிடையே சேமிக்கும் கட்டளையையும் சேர்த்து எழுதுங்கள்.