பெரியம்மாவின் கறுப்பைக் கறுப்பாகவே காட்டிய பிலிம்

எங்கள் பெரியம்மாவுக்குச் சோழவந்தானில் கொடிக்கால் வேலை, அதாவது வெற்றிலைத் தோட்டத்தில். 30 வருஷத்துக்கு மேலாக வெற்றிலை கிள்ளுகிறார். அவருடைய படம் என்று வீட்டில் இருந்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒன்றும், கல்யாண ஆல்பத்தில் கடைசி வரிசையில் பாதி முகமும்தான். அவரை வேலை செய்கிற இடத்திலேயே கறுப்பு வெள்ளையில் ஒழுங்காக எடுக்க வேண்டும் என்று வாங்கியதுதான் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிம். 35 மி.மீ., 36 படம், வேகம் (வெளிச்சத்தை வாங்கும் திறன்) 400. இங்கிலாந்துத் தயாரிப்பு, 1989-லிருந்து வருகிறது. நாலு ரோல் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

கொடிக்காலுக்குள் போனவர்களுக்குத் தெரியும், வெளியே வெயில் கொளுத்தினாலும் அகத்தி நிழலில் பொழுது சாய்ந்த மாதிரிதான் இருக்கும். என்னிடம் இருப்பது மாமா கொடுத்த நிக்கான் எஃப்எம்2, 50 மி.மீ. லென்ஸ். அந்த நிழலிலும் லென்ஸ் திறப்பு எஃப்4-ல் 1/60 நொடி ஷட்டர் கிடைத்தது. கையில் பிடித்தே எடுத்தேன்.

முதல் ரோல் சரியாக வரவில்லை. வெற்றிலைப் பச்சையும் பெரியம்மாவின் நிறமும் கறுப்பு வெள்ளையில் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. முகம் இலைக்குள் கரைந்துபோனது. அடுத்த ரோலுக்கு மஞ்சள்-பச்சை ஃபில்டர் போட்டேன். ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், போகும், ஆனால் இலை ஓரளவு வெளுத்து, அதன் முன்னால் முகம் தன் கறுப்போடு எழுந்து நிற்கிறது. அப்புறம் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். கறுத்த முகம் பிரேம் நிறைய இருந்தால் மீட்டர் அதை நடுச்சாம்பலாக்கத்தான் பார்க்கும். சொன்னதைக் கேட்காமல் ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

இப்படி எடுத்தால் இந்த பிலிம் தருவதைச் சொல்லியே ஆக வேண்டும். கன்னத்து மேட்டில் வியர்வைப் பளபளப்பு, அதற்குக் கீழே ஒரு கறுப்பு, கண்ணோரச் சுருக்கத்தில் அதைவிட ஆழமான கறுப்பு, மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. தலையில் கட்டிய வெள்ளைத் துண்டு வெறும் வெள்ளையாகிவிடாமல் நூலிழை தெரிகிறது. கொடி கட்ட வைத்திருக்கும் வாழைநார் மணிக்கட்டில் சுற்றியிருக்கிறது, கட்டைவிரல் நகத்தில் கறை ஏறியிருக்கிறது. அந்தக் கை ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

இதை 1600-க்கு இழுத்து (வேகம் 1600 என்று வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவி) எடுக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். ஒரு ரோலை இழுத்துப் பார்த்தேன். படத்தில் தெரியும் புள்ளிக் குருணை பெருத்ததில் எனக்கு வருத்தமில்லை. கண்குழியும் தாடை நிழலும் வெறும் இருட்டாகிவிட்டன, அதுதான் ஆகவில்லை. நம் ஊர் முகங்களுக்கு 400-லேயே நில்லுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஆளைக் கொடிக்கால் ஓரத்துக்கு வரச் சொல்லுங்கள்.

கழுவும்போது தண்ணீரைக் கவனியுங்கள். பிலிமில் படத்தை வரவைக்கும் ஐடி-11 மருந்துக் கலவையை நீர்க்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிஷம். சித்திரை மாசம் மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. வாளி நிறைய ஐஸ் போட்டு, அதில் பாட்டில்களை இறக்கி வைத்துத்தான் வேலையே தொடங்குகிறேன்.

இரண்டாவது ரோலை ஸ்கேன் செய்து பிரிண்ட் போட ஒரு லேபில் கொடுத்திருந்தேன். கேட்காமலே சுருக்கத்தை எல்லாம் மழித்து, முகத்தை இரண்டு பங்கு வெளுப்பாக்கிக் கொடுத்தார்கள். "வயசானவங்க, அழகா இருக்கட்டும்னுதான் சார்" என்றார் அங்கிருந்த தம்பி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அது பெரியம்மா இல்லை. யார் வெயிலில் நின்றாலும் அவர் நின்ற வெயில் படத்தில் இருக்க வேண்டும். இப்போது நெகடிவை நானே டிஜிட்டல் கேமராவில் நகல் எடுக்கிறேன். பிரிண்டுக்குக் கொடுக்கும்போது "எதையும் தொடாதீங்க" என்று எழுதியே கொடுக்கிறேன்.

விலை குறைவில்லை. ஒரு ரோலை இரண்டு மூன்று மாசம் வைத்து எடுக்கிறேன். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருக்க நேரம் கிடைக்கிறது, அவரும் கேமராவை மறந்துவிடுகிறார்.

எட்டுக்குப் பத்து அளவில் போட்ட பிரிண்டை ஊருக்குக் கொண்டுபோனேன். பெரியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தோளுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, இந்தக் கொடி கழண்டு தொங்குது பாரு. அன்னைக்கு என் கண்ணுல படவே இல்லையே."