லைப்ரரியைக் கட்டளைவரிக்குத் திறப்பது: பைப்ராஜெக்ட், ஃபயர், சொந்தக் கோப்பு

காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல் விற்கும் ஒரு கடைக்குப் பைத்தானில் சின்ன லைப்ரரி எழுதிக் கொடுத்தேன். நீள அகலம் சொன்னால் எத்தனை கல் என்று கணக்குப் போடும். 8 அங்குலக் கல் சதுர அடிக்கு 2.25, முகப்பு 20க்கு 15 அடி என்றால் 675 கல். பில் போடும் பெண்ணுக்குப் பைத்தான் தெரியாது, டெர்மினலில் ஒரு வரி தட்டத் தெரியும். அவர் கைக்கு இதை எப்படிக் கொண்டுபோவது?

முதலில் எடுத்தது பைத்தான் பேக்கேஜின் விவரங்களை எழுதிவைக்கும் பைப்ராஜெக்ட் டாம்ல் (pyproject.toml) கோப்பு. ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் கட்டளைப் பெயரையும், எதிரே மாட்யூலையும் ஃபங்ஷனையும் எழுதினால் போதும், பைத்தானின் நிறுவும் கருவியான பிப் லைப்ரரியை நிறுவும்போதே கட்டளை தயார். ஆனால் அந்த ஃபங்ஷனை அது வெறுங்கையோடுதான், அதாவது எந்த மதிப்பும் கொடுக்காமல், அழைக்கும். அதனால் கட்டளையோடு தட்டியதைப் படித்துத் தரும் ஆர்க்பார்ஸால் (argparse) அளவுகளை வாங்கும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, விடையை ரிட்டர்ன் செய்தேன். "அண்ணே, ஒண்ணுமே வரலையே" என்றார். பிப் உருவாக்கும் ஸ்கிரிப்ட் ரிட்டர்ன் மதிப்பை அப்படியே புரோகிராமை முடித்துவைக்கும் சிஸ் எக்ஸிட்டிடம் (sys.exit) கொடுத்துவிடும். 675 திரைக்கு வராமல், புரோகிராம் எப்படி முடிந்தது என்று சொல்லும் எக்ஸிட் கோடாகிவிட்டது. லினக்ஸ் அதை 256ஆல் வகுத்து மீதி 163ஐ மட்டும் வைத்துக்கொண்டது. பிரின்ட் செய்துவிட்டுப் பூஜ்யத்தைத் திருப்பியதும் சரியானது.

ஃபங்ஷனை நேரே கட்டளையாக்கும் லைப்ரரியான ஃபயர் (Fire) இன்னும் சுலபம். ஃபங்ஷனின் பாராமீட்டர் பெயர்களே ஆப்ஷன்களாகிவிடும். நான் மட்டும் பயன்படுத்துவதற்கு இதைத்தான் எடுப்பேன். கடைக்குக் கொடுக்க மாட்டேன்: மதிப்பின் வகையை அதுவே ஊகிக்கிறது. 5E2 என்ற டிசைன் எண் 500.0 ஆகிவிடும்.

கட்டளைப் பெயரோ வேஸ்டேஜ் சதவீதமோ அடிக்கடி மாறும் இடத்துக்கு, எந்தப் பெயர் எந்த ஃபங்ஷனை அழைக்கும் என்று நாமே எழுதிவைக்கும் சொந்த அமைப்புக் கோப்புதான் என் தேர்வு. பைப்ராஜெக்டில் கட்டளைப் பெயரை மாற்றினால் மறுபடி நிறுவ வேண்டும். இதுவோ ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாகப் படிக்கப்படுகிறது. அதை யாமல் (YAML) வடிவத்தில் எழுதாதீர்கள். டிசைன் 010ஐ யாமல் படிக்கும் பையாமல் (PyYAML) லைப்ரரி எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாக எடுத்து 8 என்று படிக்கும், சத்தமே வராது. டாம்ல் அதைப் பிழை என்று அங்கேயே நிறுத்திவிடும். டாம்லைப் படிக்கும் டாம்லிப் (tomllib) பைத்தான் 3.11 முதல் கூடவே வருகிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கோப்பில் எழுதிய எந்தப் பெயரையும் இம்போர்ட் செய்ய விட்டால் கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டக்கூடிய ஓஎஸ் சிஸ்டமும் (os.system) அதே வழியில் நுழையும். திறக்கலாம் என்ற ஃபங்ஷன்களைக் கோடிலேயே பட்டியலிட்டு, அதில் இருப்பதை மட்டும் கோப்பு அழைக்கட்டும்.

போன வாரம் ஒரு வீட்டு வளவுக்கு மூலைவாட்டில் பதிக்கக் கேட்டார்கள். அந்தப் பெண் கோப்பைத் திறந்து வேஸ்டேஜை 5லிருந்து 8 ஆக்கி, கட்டளையைத் தட்டி, விடையை பில்லில் எழுதிவிட்டார். எனக்கு போன் வரவில்லை.