கறுப்பு ஸ்விஃப்டும் மூன்று பாலிஷ் மெஷின்களும்

எங்கள் ஸ்விஃப்ட் 2012 மாடல், கறுப்பு. அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கினார். கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டுக்கு ஷெட் கிடையாது. அதனால் பத்து வருஷத்துக்கு மேல் வேப்பமரத்தடியில் வெயிலும் காக்கை எச்சமும் பட்டுக்கொண்டு நின்றது. தினமும் காலையில் போர் தண்ணீரில் ஒரு பக்கெட், பழைய பனியன் துணியில் ஒரு துடைப்பு. பாசமாகச் செய்ததுதான். ஆனால் துணியில் ஒட்டிய மண் ஒவ்வொரு நாளும் பெயின்டைக் கீறிக்கொண்டே இருந்திருக்கிறது. சாயங்கால வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னிய மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். முழங்கால் வலியால் அப்பா இப்போது ஓட்டுவதில்லை. ஆனாலும் தினமும் ஒரு தடவை போய் வண்டி மேல் கை வைத்துவிட்டு வருவார். அவருக்காகத்தான் பாலிஷ் மெஷினால் கீறலை எடுக்கும் இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

முதலில் வாங்கியது ரோட்டரி. காந்திபுரத்தில் ஒரு டூல்ஸ் கடையில் 3,500 ரூபாய், 1,200 வாட். கூடவே ஒரு கம்பளி பேட், ஒரு டப்பா ரப்பிங் காம்பவுண்ட். ரோட்டரி என்றால் பேட் ஒரே அச்சில், கிரைண்டர் கல் மாதிரி நேராகச் சுற்றும். என்ன அழுத்தினாலும் நிற்காது. அதனால் கீறலை வேகமாக எடுக்கும், சூட்டையும் ஒரே இடத்தில் ஏற்றும். நான் வாங்கிய மெஷினில் ஸ்விட்சைத் தட்டியதுமே முழு வேகத்தில் உதறிக்கொண்டு கிளம்பும். மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடிக்கும் வசதி அதில் இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

பானெட் நடுவில் வேலை நன்றாகவே போனது. இடது பக்கம் மேடாக எழும் கோடு இருக்கிறதே, அங்கே போனபோது மெஷினை மூன்று நான்கு நொடி அதிகமாக நிறுத்திவிட்டேன். ஒரு மாதிரி தீய்ந்த வாடை வந்தது. துடைத்துப் பார்த்தால் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளப்பே இல்லாமல் சாம்பல் பூத்த மாதிரி ஆகியிருந்தது. நிறத்துக்கு மேலே காவலாக இருக்கும் நிறமில்லாத அடுக்கு, அதாவது கிளியர் கோட், போய்விட்டது. அது போனால் எந்தப் பாலிஷ் போட்டாலும் திரும்ப வராது.

டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். முப்பது வருஷமாகப் பெயின்ட் அடிப்பவர். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வரப்பு மேல மெஷினை நிறுத்தக் கூடாதுங்க தம்பி. மேட்டுல பெயின்ட் மெலிசாத்தான் உக்காந்திருக்கும். ரோட்டரி நல்ல மெஷின்தான், ஆனா கை பழகணும்” என்றார். அவர் பட்டறையிலேயே ஒரு பழைய மகிட்டா ரோட்டரி ஓடுகிறது. பெயின்ட் அடித்து உப்புத்தாள் தேய்த்த பேனலை அவர் அதில் பளபளப்பாக்குவதை நின்று பார்த்தேன். மெஷின் ஒரு கணம்கூட ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்தக் கைப்பழக்கம் இல்லாதவன் சொந்த வண்டியில் ரோட்டரியைப் பழகக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். பழைய இரும்புக் கடையில் ஒரு கதவு வாங்கி அதில் பழகலாம்.

இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும். கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து சுமாராக 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கீறலை எடுப்பது என்றால் கீறலை நிரப்புவது இல்லை. சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைக் கீறலின் அடி மட்டத்துக்குச் சீவி இறக்குவது. ஒவ்வொரு தடவை ரப்பிங் போடும்போதும் அந்தக் கையிருப்பில் கொஞ்சம் செலவாகிறது. வெயிலைத் தாங்குவதும் அதே அடுக்குதான். ஆகவே மெஷின் தேர்ந்தெடுக்கும்போது ‘எது வேகமாக எடுக்கும்’ என்று கேட்பதை விட, ‘எது தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும்’ என்று கேட்பதுதான் சரி.

அப்படிப் பொறுத்துக்கொள்வது டி.ஏ. என்று சொல்கிற டூயல் ஆக்‌ஷன் மெஷின். பம்பரம் தானும் சுற்றி, தரையில் வட்டமும் அடிக்குமே, பேட் அதே மாதிரி ஓடும். அந்த வட்டத்தின் அளவைத்தான் 8 மி.மீ., 15 மி.மீ., 21 மி.மீ. என்று போடுகிறார்கள். பேட் தன்னைச் சுற்றுவது ஒரு பேரிங்கில் சும்மா சுழல்வதுதான். நாம் அதிகமாக அழுத்தினால் சுற்று நின்றுபோய் வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். பெயின்ட் தப்பிப்பதும் அதனால்தான், வளைந்த இடங்களில் வேலை நடக்காமல் போவதும் அதனால்தான்.

நான் வாங்கியது சீனாவில் செய்த 15 மி.மீ. மெஷின், 5 அங்குல பிளேட், 9,000 ரூபாய். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டியும் கீறல் போன மாதிரியே இல்லை. காரணம் தெரியவில்லை. அப்புறம் ஒரு வெள்ளை மார்க்கரில் பேட் மாட்டும் பிளேட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். மெஷினை பானெட்டில் வைத்து ஓட்டினால், அந்தக் கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. பேட் சுற்றவே இல்லை! கை பாரத்தைக் கொஞ்சம் விட்டேன். கோடு மெல்ல நகர்ந்தது, பிறகு நொடிக்கு நாலைந்து சுற்று ஓட ஆரம்பித்தது. பேட்டைப் பேனலுக்குச் சமமாகப் படுக்க வைத்தால் ஓடுகிறது. ஒரு பக்கம் சாய்த்தால் நிற்கிறது. இந்த ஒரு கோடு எனக்கு எந்த வீடியோவும் சொல்லித்தராததைச் சொல்லித்தந்தது. டி.ஏ. வாங்கியவர்கள் எல்லோரும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது ரூபெஸ். டீட்டெயிலிங், அதாவது வண்டியைச் சுத்தம் செய்து மெருகேற்றும் தொழில் செய்யும் நண்பர் தன் எல்எச்ஆர் 15 மார்க் 3 மெஷினை இரண்டு நாள் கொடுத்தார். இத்தாலியில் 1947-இல் தொடங்கிய கம்பெனி. 15, 21 மி.மீ. பெரிய வட்டத்தை உலகம் முழுக்கப் பரப்பியது அவர்கள்தான். ஸ்விட்சைப் போட்டதும் வித்தியாசம் கையில் தெரிந்தது. என் மெஷினில் முக்கால் மணி நேரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகும். இதில் ஒரு கதவு, இரண்டு ஃபெண்டர் முடித்தும் கை தெளிவாக இருந்தது. கதவுக் கைப்பிடிக்குக் கீழே உள்வாங்கிய வளைவில் என் மெஷின் நின்றுவிடும், இது சுற்றிக்கொண்டே போனது. ஆனால் விலை பல மடங்கு. தினம் ஒரு வண்டி செய்பவருக்கு இந்த மெஷினுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் தகும். வீட்டில் ஒரே வண்டி, வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் வேண்டாம். வேலை முடிந்த பேனல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எந்த மெஷினில் செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நேரம்தான் கூடக் குறைய.

மிச்சமாகும் பணத்தைப் பேடில் போடுங்கள். மெஷினோடு வரும் ஒரே பேடை வைத்து முழு வண்டியையும் முடிக்கப் பார்ப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. பேட் சூடாகி, காம்பவுண்ட் ஊறி, சொதசொதவென்று ஆன பிறகு அது எதையும் வெட்டாது. வெல்க்ரோவும் இளகிப் பிய்ந்துவிடும். ஒரு காருக்கு ஐந்தாறு ஃபோம் பேட் வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் தேய்த்துத் தூசு எடுக்க வேண்டும். பேட் நிறத்தை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு இல்லை.

காம்பவுண்டில் மெகுவயர்ஸ் எம் 105, எம் 205 இரண்டும் வாங்கினேன். முதலாவது நன்றாக வெட்டும், இரண்டாவது மெருகு கொடுக்கும். ஆனால் எம் 105-ஐ எடுப்பதற்கு முன் எம் 205-ஐ மட்டும் இரண்டு அடிக்கு இரண்டு அடி இடத்தில் போட்டுப் பார்த்தேன். வேகம் 4-இல் வைத்து, நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தி, குறுக்கும் நெடுக்கும் ஐந்து நடை. கீறலில் பெரும்பகுதி போய்விட்டது. அதனால் எம் 105 டிக்கி மூடிக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. மென்மையானதில் ஆரம்பித்துப் போதவில்லை என்றால் மட்டும் மேலே போவது, நான் சொன்ன அந்த 40 மைக்ரானைக் காப்பாற்றும் வழி. ஒன்று, துடைத்தவுடன் தெரியும் பளபளப்பை அப்படியே நம்பக் கூடாது. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு எல்.இ.டி. டார்ச் அடித்துப் பாருங்கள்.

நம் ஊர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் மெஷினை எடுத்து வைத்துவிடுவேன். பேனல் சூடாக இருந்தால் காம்பவுண்ட் போட்ட வேகத்தில் காய்ந்து மாவாகப் பறக்கிறது. இப்படி நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதற்கு முன்னால் நன்றாகக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் மாதிரியான கிளே தேய்த்து, கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் டேப் ஒட்டுவதற்கே ஒரு நாள். பம்பர் பிளாஸ்டிக், சூடு வெளியே போகாது. அங்கே இன்னும் இலேசான கை. வண்டி பழைய காலத்துச் சாதா வெள்ளையாக, கிளியர் கோட் இல்லாததாக இருந்தால் பேடில் வெள்ளையாக ஒட்டும், பயப்பட வேண்டாம்.

போர் தண்ணீர் உப்புக் கறை முழுக்கப் போகவில்லை. கண்ணாடிக்குக் கீழே சில வட்டங்கள் கிளியர் கோட்டுக்குள் அரித்து இறங்கிவிட்டன. அவற்றைத் துரத்திப் போகாமல் விட்டுவிட்டேன். இப்போது சோப்புத் தண்ணீருக்கு ஒன்று, துணி அலச ஒன்று என்று இரண்டு பக்கெட், மைக்ரோஃபைபர் துணி, கழுவியதும் ஈரம் காய்வதற்குள் துடைப்பு என்று பழக்கத்தை மாற்றியாகிவிட்டது.

மெஷின் வாங்கப் போகும்போது வாட் பார்த்து மயங்காதீர்கள். மெதுவாகக் கிளம்புகிறதா, அழுத்தினாலும் வேகம் விழாமல் இருக்கிறதா, மோட்டாருக்குள் தேயும் கார்பன் பிரஷ்ஷும் பேட் மாட்டும் பிளேட்டும் தனியாகக் கிடைக்குமா, இந்த மூன்றைக் கேளுங்கள். கடையிலேயே ஐந்து நிமிஷம் ஓட்டிக் கையில் அதிர்வைப் பாருங்கள்.

ரோட்டரியில் போன அந்த விரல் நீள இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பானெட் முழுக்க அடித்தால்தான் நிறம் சேரும் என்றார் பட்டறைப் பெரியவர். நான் சரி என்றேன். அப்பா ஒப்பவில்லை. “கம்பெனி பெயின்ட் கம்பெனி பெயின்ட்தான், அது இருக்கட்டும்டா” என்றார். மாதத்துக்கு ஒரு தடவை அந்த இடத்துக்கு மட்டும் அவரே மெழுகு போடுகிறார்.