கயிறு திரிக்க வாழை நாரா, தென்னை நாரா?

வெறுங்கையால் கயிறு திரிக்கப் பழக வேண்டும் என்பவர்களுக்குக் காவிரிப் படுகையில் நார் தேடும் வேலையே இல்லை. திருவையாற்றுப் பக்கம் வாழை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை.

முதலில் கைக்குப் பழகுவது வாழைதான். தார் வெட்டிய மரத்தின் காய்ந்த மட்டையைச் சிறிது நேரம் நனைத்து, நகத்தால் கீறினால் நீளநீளமாகக் கிழிந்து வரும். இரண்டு இழைகளைத் தொடையில் வைத்து ஒரே திசையில் உருட்டுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குங்கள். ஒரு முறுக்கு பிரியப் பார்க்கும், மற்றது விடாது. கயிற்றின் சூட்சுமம் அவ்வளவே. மொட்டை மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அரை மணியில் ஒரு முழம் திரித்துவிட்டார்கள். (என் தொடைதான் சிவந்துபோனது.)

தென்னை இவ்வளவு எளிதில் வசப்படாது. முறைப்படி தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறப்போட வேண்டும். அந்த நாற்றத்தை எந்த வீட்டிலும் பொறுக்கமாட்டார்கள். ஊறாத மட்டையைக் கட்டையால் அடித்தும் நார் எடுக்கலாம். முரடாக இருக்கும், உள்ளங்கையைக் கிழிக்கும்.

ஆனால் வாழைக் கயிறு ஈரத்தில் கிடந்தால் மக்கிவிடும். பூக்கட்டவும் கீரைக்கட்டுக்கும் போதும். 2018 நவம்பரில் கஜா அடித்ததுபோல் இன்னொரு புயல் வந்து, மழையில் தார்ப்பாயை இழுத்துக் கட்ட வேண்டுமென்றால் நான் தென்னைக் கயிற்றைத்தான் எடுப்பேன்.