எடை போடாமல் வாங்கிய கேரவன்

ஏலக்காய் மூட்டையை அவிழ்த்து ஒரு கை அள்ளினால், அது எட்டு மில்லிமீட்டர் காயா, ஏழு மில்லிமீட்டரா, பழைய காய்க்குப் பச்சை ஏற்றியதா என்று சொல்லிவிடுவேன். குமுளியில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. புற்றடி ஏலச்சந்தையானாலும் போடி ஏலச்சந்தையானாலும் லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் படியில் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்று, பார்க்காமல் ஒரு சாக்கு எடுத்ததில்லை. அப்படிப்பட்ட நான், ஆறு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கேரவனை எடை போடாமல் வாங்கினேன். வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் வகை அது. உள்ளே கட்டில், சின்ன அடுப்படி, கழிவறை எல்லாம் உண்டு. இப்போது கடைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி நிற்கிறது. கம்பம், கட்டப்பனை, தேனிப் பக்கம் யாராவது இப்படி ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. மறு வருடமே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறந்தார்கள். அதிலிருந்து எங்கள் கடை வாசலில் இந்த வண்டிகள் போவதும் வருவதுமாக இருந்தன. பார்க்கப் பார்க்க ஆசை. வீட்டில் காரணமும் இருந்தது. அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஆகாது. முழங்கால் வலியால் ஊர் தெரியாத இடத்தில் கழிவறை தேடி அலையவும் முடியாது. அம்மாவை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனம் வராது. பத்து வருடமாகக் குடும்பத்தோடு எங்கும் போனதில்லை என்றால் நம்ப வேண்டும்.

செய்து தந்த பட்டறை தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கிறது. வழக்குப் போடப் போகிறேன் என்பதால் பெயரை எழுதவில்லை. போய்ப் பார்த்த அன்று மனைவி திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிப் பேசினாள். மகள் மேல்கட்டில் தனக்கு என்றாள். நான் விளக்குகளைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து சக்கரத்தைப் பார்த்தவர் ஒருவருமில்லை. "சார், காலி எடை எழுநூற்றைம்பது கிலோதான். உங்கள் பொலீரோ தூக்கம் கலையாமல் இழுக்கும்" என்றார் முதலாளி. எழுதித் தரச் சொல்லவில்லை நான். என் கடைக்கு வந்து ஒருவன் வாய்வார்த்தையாக எடை சொன்னால் சிரித்து அனுப்பியிருப்பேன்.

வண்டியைக் குமுளிக்குக் கொண்டுவந்து தருவதாகப் பேச்சு. ஆனால் கொண்டுவந்த ஓட்டுநர் மலையடிவாரத்து லோயர் கேம்பிலேயே நிறுத்திவிட்டார். "மலை ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், மீதி ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்" என்றார். பட்டறைக்காரர்களே மலை ஏற்றத் துணியாத வண்டி அது. அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்து, கொக்கியை என் வண்டியில் மாட்டிவிட்டு, அவருக்கு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு எத்தனை ஆயிரம் தடவை ஏறியிருப்பேன்! அன்றுதான் அந்தப் பாதை எவ்வளவு செங்குத்து என்று தெரிந்தது. மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் படும் இடத்திலேயே கிளட்ச் கருகும் வாடை. முதல் கியரை விட்டு மாறவே முடியவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஒலிப்பானில் வைத்த கையை எடுக்கவில்லை. 'புது வண்டி, பழகினால் சரியாகிவிடும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சரஸ்வதி பூசை விடுமுறைக்குக் கிளம்பினோம். வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், ஏலப்பாறை வழியாக வாகமண் என்பது திட்டம். குட்டிக்கானம் வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போய்விட்டேன். அதற்கப்புறம் தேயிலைக்கு நடுவே சாலை ஏறி இறங்கி, வளைந்து வளைந்து போகும். ஓர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். என் வண்டி நின்றது, பின்னால் இருந்தது நிற்கவில்லை. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல ஒரு தள்ளு. பிறகு கேரவன் வாலாட்ட ஆரம்பித்தது: இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என் வண்டியின் பின்புறத்தையும் சேர்த்து இழுத்தது. எதிரே ஜீப் ஒன்று வந்துகொண்டிருந்தது. தேயிலைச் சரிவின் மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். மகள் அழவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஏலப்பாறையிலிருந்து வந்த மெக்கானிக் தோட்டத்துத் தமிழ்ப் பையன். வண்டிக்கடியில் ஊர்ந்து போனவன் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தான். "அண்ணா, இதில் பிரேக் இல்லை" என்றான்.

"பழுதா?"

"பழுது இல்லை அண்ணா. இல்லை."

இந்த மாதிரி டிரெய்லரில் பிரேக் வேலை செய்யும் விதமே வேறு. முன்வண்டி நிற்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலே கொக்கிக்குப் பின்னாலுள்ள தண்டை அழுத்தி, கேபிளை இழுத்து, சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கும். எங்கள் கேரவனில் தண்டு இருந்தது, கேபிளும் இருந்தது. கேபிளின் மறுமுனை இரண்டையும் அச்சோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி வைத்திருந்தார்கள். சக்கரத்துக்குள் அது போகவே இல்லை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாலொழியத் தெரியாது.

வாகமண் என்று அம்புக்குறி போட்ட பலகையைப் பார்த்ததோடு சரி. ஏலப்பாறையில் எங்களோடு வியாபாரம் செய்யும் ஒருவரின் தோட்டத்து மைதானம் வரை நடை வேகத்தில் ஊர்ந்துபோய் நிறுத்தினோம். அங்கேயே இரவைக் கழிப்பது என்று முடிவு. பிள்ளைகளுக்காகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். மனைவி உப்புமா கிண்டினாள், நன்றாகவே இருந்தது. ஏழு மணிக்கு இடிமழை பிடித்தது. கூரையில் காற்றுப்போக்கிக்கு வெட்டிய ஓட்டையின் ஓரமாக முதலில் சொட்டு, பிறகு தாரை. சுற்றிலும் வெறும் பசையை அப்பி வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மெத்தையின் ஒரு பாதி ஊறிப்போனது. வீட்டுக்குள் குடை பிடித்து உட்கார்ந்த முதல் ஆள் எங்கள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு விளக்கெல்லாம் மங்கி அணைந்தன. லித்தியம் பேட்டரி, இரண்டு நாள் தாங்கும் என்று சொல்லி விற்றது அது.

இனிச் சொல்வதை அவசரமாகப் படிக்க வேண்டாம்.

அம்மாவால் கட்டிலில் ஏற முடியாது. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். பதினொரு மணி இருக்கும். "ஏய்யா, தரையெல்லாம் கேஸ் நாறுகிறது" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேல்கட்டிலில் மகள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இறங்கிப் பாயில் முகத்தை வைத்தேன். நெடி குப்பென்று ஏறியது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர்போலத் தரையில் தேங்கும். அதனால்தான் வண்டியில் அடுப்பு வைத்தால் தரைமட்டத்தில் திறப்பு விட வேண்டும். எங்கள் கேரவனின் வெளிப்பக்கம் அந்த இடத்தில் அழகான சல்லடைத் தகடு ஒன்று பதித்திருந்தது. காலையில் அதைக் கழற்றிப் பார்த்தோம். பின்னால் பலகை முழுசாக இருந்தது. ஓட்டையே போடவில்லை. தகடு வெறும் வேஷம்.

சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போன குழாய் கேஸ் குழாயே இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரகம். கிளிப் இல்லாமல் செருகிவிட்டிருந்தார்கள். மலைப்பாதை குலுக்கலில் நழுவியிருக்கிறது. உப்புமா கிண்டிய பிறகு ரெகுலேட்டரை மூட மறந்தது எங்கள் தவறு, அதை மறைக்க மாட்டேன். பிள்ளைகளை அப்படியே போர்வையோடு தூக்கிக்கொண்டு கொட்டும் மழையில் இறங்கினோம். விடியும்வரை பொலீரோவுக்குள் ஐந்து பேர். "பேட்டரி செத்ததுதான் நம்மைக் காப்பாற்றியது, இல்லாவிட்டால் அப்பா முதலில் சுவிட்சைத்தான் போட்டிருப்பார்" என்றான் மகன். அவன் சொன்னது உண்மை. அப்பத்தா மட்டும் கட்டிலில் ஏறக்கூடியவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று யாரும் பேசவில்லை.

மறுநாள் மீட்பு வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம். ஒன்பதாயிரம் ரூபாய். வழியில் ஓர் எடை மேடையைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னேன். கேரவனோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு வெறும் வண்டியை ஒரு தடவை. தண்ணீர்த் தொட்டி காலி, பாத்திரம் பண்டமெல்லாம் எங்கள் வண்டியில். கேரவனின் எடை 1,240 கிலோ. எழுநூற்றைம்பது என்று விற்றவர் சொன்னதற்கும் இதற்கும் இடையே கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோ. பத்து மூட்டை ஏலக்காய்.

வீட்டுக்கு வந்தபிறகு என் தொழில்புத்தி திரும்பியது. கடையில் சாக்கு நிறுக்கும் தராசை வெளியே எடுத்துவந்து, கேரவனின் கொக்கிமுனையை அதன்மேல் இறக்கினேன். 22 கிலோ. இப்படி இழுத்துப் போகும் டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் விழும்படி பார்த்துக்கொள்வது நல்லது. இதற்கு நூற்றிருபது கிலோவாவது வந்திருக்க வேண்டும். கட்டில், கழிவறை, 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி மூன்றையும் அச்சுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். தொட்டி நிரம்பினால் பின்பாரம் இன்னும் 120 கிலோ கூடும், கொக்கி இன்னும் இலேசாகும். வால் கனத்தால் ஆடாமல் என்ன செய்யும்? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்கள் "புது" வண்டியில் 1617 என்று இருந்தது. 2017-ஆம் வருடம் பதினாறாவது வாரம். பேட்டரிமேல் ஒட்டியிருந்த லித்தியம் ஸ்டிக்கரை மகன் நகத்தால் உரித்தான். அடியில் சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியின் அட்டை.

இத்தனையும் ஒருபக்கம். எல்லாவற்றையும்விட என்னைச் சுருக்கென்று குத்தியது பில்தான். அதில் கேரவன் என்ற சொல்லே இல்லை. 'உலோகக் கட்டமைப்பு வேலை' என்று எழுதியிருந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இழுத்துப் போகும் டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பதிவுக்கு விற்றவரின் படிவம் 21-உம், சாலையில் ஓடத் தகுதியானது என்று தயாரித்தவர் தரும் படிவம் 22-உம் வேண்டும். "இதோ அனுப்புகிறேன்" என்று பட்டறை முதலாளி மூன்று வாரம் இழுத்தார். பிறகு, "சார், நாங்கள் வண்டி விற்கவில்லையே, தகடு வேலைதானே செய்து கொடுத்தோம்? பில்லைப் பாருங்கள்" என்றார். பதிவில்லாமல் காப்பீடும் இல்லை. அந்த ஜீப்பில் மோதியிருந்தால் எங்கள் கடையை விற்றும் தீர்ந்திருக்காது.

ஆகவே வாங்கத்தான் போகிறேன் என்பவர்கள், திரைச்சீலையை மனைவியிடமும் பிள்ளைகளிடமும் விட்டுவிட்டு, நீங்கள் பழைய வேட்டி கட்டிக்கொண்டு போய் அடியில் படுங்கள். பிரேக் கேபிள் எங்கே முடிகிறது என்று கையால் தடவிப் பாருங்கள். பணம் முழுக்கக் கொடுப்பதற்கு முன் எடை மேடைக்கு இழுத்துப் போகச் சொல்லுங்கள், எடைச் சீட்டு உங்கள் பையில் இருக்கட்டும். உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். விற்பவர் வாயைப் பார்க்காதீர்கள். பில்லில் என்ன சொல் எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று படியுங்கள். பதிவு எண் வந்த பிறகு தருகிறேன் என்று ஒரு நல்ல தொகையை நிறுத்தி வையுங்கள். நான் கடைசி ஐம்பதாயிரத்தை லோயர் கேம்பில் டீயோடு கொடுத்தவன்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எங்களுக்கு இடுக்கி மாவட்டம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இருநூறு ரூபாய். எடைச் சீட்டு, டயரின் படம், சல்லடைத் தகட்டுக்குப் பின்னால் ஓட்டையில்லாத பலகையின் படம், மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆறப்போடாதீர்கள்.

போன வாரம் முதலாளியே அழைத்தார். குரலில் தேன். "சார், எதற்கு வழக்கு, வம்பு? வண்டியைத் திருப்பிக் கொடுங்கள். பழைய இரும்பு விலைக்குக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்."

"எழுநூற்றைம்பது கிலோவுக்கா, ஆயிரத்து இருநூற்று நாற்பதுக்கா?" என்று கேட்டேன்.

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.